நாலாவது ஸ்ட்ரெச்சர்

கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படைவீரர் நல அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன். ஐந்தடிக்க இன்னும் ஏழு நிமிடம். ஐந்துக்குக் கவுண்டர் மூடும். போர்க்காலச் சேவைக்கு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கும் கெடுவும் அத்தோடு முடியும். விண்ணப்பம் ஸ்பேனர் அக்காவுடையது. சாட்சி நான்.

மூன்றாம் மாடி பெஞ்சில் அக்கா காத்திருந்தாள். யுத்த நாளில் நான் ராணுவ ஆம்புலன்ஸ் டிரைவர்; அக்கா எங்கள் பட்டறையில் தினக்கூலி மெக்கானிக். எழுபது வயதிலும் நகக்கண்ணில் கிரீஸ்.

"வந்துட்டாருய்யா பதக்கக்காரர்! நீ வர்றதுக்குள்ள இன்னொரு யுத்தமே முடிஞ்சிருக்கும்டா தம்பி."

"பஸ் கிடைக்கலக்கா."

பொய். ஒரு மணி நேரமாக எதிர்க்கடையில் உட்கார்ந்து ஆறிப்போன டீயை முறைத்துக்கொண்டிருந்தேன்.

குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "உக்காருங்க சார். அந்தக் காலோட மூணு மாடி ஏறி வந்திருக்கீங்களே!"

வண்டியின் பழைய லாக்புக்கைப் புரட்டினார். "குண்டுமழையில பாலம் தாண்டின அன்னிக்கு வண்டி ஓட்டினது தான்தான்னு இந்தம்மா சொல்றாங்க. ஆனா இதுல இருக்கறது உங்க ராணுவ நம்பர்."

"அவங்களுக்கு ஏது சார் நம்பர்? கூலியாளுங்க ஓட்டினா, வண்டிக்குப் பொறுப்பானவன் நம்பரைத்தான் எழுதுவோம். அன்னிக்கு ஓட்டினது அக்காதான்."

சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் சொல்லாத வார்த்தை. அடிபட்ட காலோடு வண்டியை அக்கரை சேர்த்த வீரன் என்றுதான் எனக்குப் பதக்கம், பென்ஷன், பஸ்ஸில் உட்கார இடம், எல்லாம்.

அக்கா என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "இவனும் ஓட்டத்தான் சார் துடிச்சான். காலு பூரா கட்டு. நான்தான் தூக்கி நாலாவது ஸ்ட்ரெச்சர்ல போட்டேன்."

குமாஸ்தாவின் விரல் இன்னொரு பதிவேட்டில் இறங்கி நின்றது. "அங்கதாம்மா இடிக்குது. அந்த வண்டியில வந்து ஆஸ்பத்திரில சேர்ந்தது மூணே பேர். சார் பேரு இல்ல. ஓட்ட வேண்டியவர் ஏன் ஓட்டலைன்னு காரணம் எழுதணும். காயம்னு எழுதினா பதிவு எங்கேம்பாங்க. காலியா விட்டா விண்ணப்பமே திரும்பிடும்."

ஐந்துக்கு இரண்டு நிமிடம். பக்கத்துக் கவுண்டரில் ஷட்டரை இழுக்கும் சத்தம்.

"கட்டெல்லாம் ரத்தம் சார், என் கண்ணால பார்த்தேன்!" அக்காவின் குரல் உடைந்தது. "வாயைத் திறந்து சொல்லேன்டா!"

கைத்தடியைக் கவுண்டர் மேல் வைத்தேன். இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்றேன். குமாஸ்தாவின் பார்வை தடியிலிருந்து என் காலுக்கு இறங்கியது. அக்காவின் பக்கம் மட்டும் என்னால் திரும்ப முடியவில்லை.

"எழுதிக்குங்க சார். பாலத்தைப் பார்த்ததும் ஓட்டப் பயந்துட்டேன். அந்தக் கட்டு, பக்கத்துல செத்துக்கிடந்தவன் கால்லருந்து நான் அவுத்துக் கட்டிக்கிட்டது. என் மேல ஒரு கீறல்கூட இல்ல."