நல்லதாக ஒரு வார்த்தை

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒன்பதாம் வகுப்பை வட்டமாக உட்கார வைத்திருந்தார் ஆலோசகர். மாதம் ஒருமுறை வருகிறவர். மற்றவர் மனதைப் புரிந்துகொள்வது அன்றைய பாடம். ஒருவர் நடுவில் உட்கார வேண்டும். சுற்றியிருப்பவர்கள் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

முதலில் கொட்டாவியைக் கூப்பிட்டார். வகுப்பில் தூங்கி வழிவதால் அவளுக்கு அந்தப் பெயர். காரணம் ஒருத்திக்குத்தான் தெரியும்: பக்கத்தில் உட்காரும் ஒல்லிப்பெண் குண்டூசிக்கு. ஒரு மதியம் குழாயடியில் நின்று கொட்டாவி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள். வெளியே சொல்லாதே என்று தனியாகச் சொல்ல வேண்டுமென்று அப்போது தோன்றவில்லை.

"ரொம்ப அமைதியான பொண்ணு மிஸ்," என்று ஆரம்பித்தான் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பையன். "இருக்கறதே தெரியாது. எப்பவாச்சும் கண்ணைத் திறந்தா தெரியும்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"நல்லா கனவு காணுவா மிஸ்."

"கிட்ட போனா தனி வாசனை மிஸ். சென்ட்டே வேணாம்."

ஆலோசகர் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததெல்லாம் நல்ல வார்த்தைகள்தான். சொன்னவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கொட்டாவி மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் பழகியதுதான். வீட்டுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும்.

குண்டூசி எழுந்தாள். காதுமடல் சிவந்திருந்தது.

"சும்மா இருங்கடா. அவ ஏன் தூங்கறான்னு தெரியுமா உங்களுக்கு? அவ அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. எல்லாமே படுக்கையிலதான். அம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவாங்க. இவதான் அவரைத் துடைச்சு, துணி மாத்தி, அத்தனையும் துவைச்சுப் போட்டுட்டு வரா. நம்மள்ல யாராச்சும் செய்வோமா?"

வேண்டாம் என்று தலையசைக்கக் கொட்டாவிக்குப் பேச்சின் நடுவில் நேரம் இருந்தது. கழுத்து அசையவில்லை.

பேருந்து ஓட்டியவர் அப்பா. தெருமுனைக் கடைக்குப் போனாலும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனவர். இப்போது விரிப்பை மாற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார்; அவள் பேசாமல் வேலையை முடிப்பாள். அந்த அறைக்குள் இப்போது வகுப்பே வந்து நின்றுகொண்டிருந்தது.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். வக்கீல் மனதாரத் தட்டினான். அதுதான் தாங்கவில்லை.

மணி அடித்ததும் குண்டூசி ஓடி வந்தாள். "இனிமே எவனாவது வாயைத் திறக்கட்டும் பாக்கலாம்."

கொட்டாவி பையைத் தோளில் மாட்டினாள்.

"ஏன்டி? நல்லதுதானே சொன்னேன்?"

"நல்லதுதான்."

"அப்புறம் என்ன?"

"எங்க மாமா வந்தாக்கூட உள்ள விடாதேம்பாரு எங்கப்பா."

குண்டூசி படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு இருவரும் தனித்தனியாக இறங்கினார்கள்.

மறுநாள் காலை, புது விரிப்பை இழுத்துச் செருகும்போது அப்பா கேட்டார்.

"தினம் ஸ்கூல் கதை சொல்லுவியே, நேத்து ஏன்மா ஒண்ணுமே சொல்லல? அந்தக் குண்டூசி என்ன பண்ணுனா?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"நீ சொல்றதைக் கேட்டா நல்ல புள்ளையாத் தெரியுது." கூரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒருநாள் கூட்டிட்டு வாயேன். அவகிட்ட மட்டும் சொல்லிக்கலாம், அப்பாக்கு உடம்பு இப்படின்னு."

அவள் தலையணையைத் தட்டி, அவர் தலைக்குக் கீழே வைத்தாள்.

"சரிப்பா."