மாமா எழச் சொல்லும் வரை

அம்மா இறந்து ஐம்பத்துமூன்று மணி நேரம் ஆகிறது என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, அண்ணன் கென்பாவ் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போனாள். நாள் குறிப்பவர் அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்து, வியாழன் பகல் பதினொன்றுக்குள் சவப்பெட்டி கிளம்ப வேண்டும் என்றார்.

அந்த நேரம் பொய். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

ஆணி அடிப்பதற்கு முன் தாய்மாமன் வர வேண்டும். பிள்ளைகள் அவர் முன் மண்டியிட்டு, அம்மா எப்படிப் போனாள், யார் கூட இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தியானால் எழுந்திருக்கச் சொல்வார். இல்லையென்றால் பெட்டியை மூட முடியாது. அப்படி நின்றுபோன வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அண்ணனுக்கு முப்பத்தாறு வயது. அறுவடை முடிந்ததும் கல்யாணம். பெண்ணின் அப்பா துக்கத்துக்குத் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

சாவு வேலைகளை நடத்தும் கோவ் பெரியவர் அண்ணன் பக்கம் குனிந்தார்.

"முட்டிக்கு அடியில வைக்கோல் போட்டுக்கடா. நம்ம ஊரு வேன்ஸு, அவன் அம்மா சாவுல மாமன் அவனை ரெண்டு மணி நேரம் மண்டி போட வச்சாரு. இன்னும் நொண்டுறான்."

மாமா மூன்று சக்கர வண்டியில் மேடேறி வந்தார். சாவுக்கு ஊதிக்கொண்டிருந்த ஊதுகுழல் நின்றது. நாங்கள் மண்டியிட்டோம்.

"சொல்லுடா," என்றார்.

அண்ணன் சொன்னான். நெஞ்சு வலி, மருந்து. திங்கள் ராத்திரி அரைக் கிண்ணம் தினைக் கஞ்சி.

"கஞ்சியா? அவளா குடிச்சா?"

"நான் ஊட்டினேன் மாமா."

"அவ வாயில கஞ்சி பட்டாலே துப்பிடுவா. சரி, நோவுல குடிச்சிருப்பா."

உள்ளே போனார். முகத்தை மூடியிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு சட்டையின் இடது கைப் பகுதியைத் தொட்டார். துணி தட்டையாக அமுங்கியது. உள்ளே கை இல்லை.

இறுதி உடையை உடம்பில் சூடு இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். செவ்வாய் காலை நாங்கள் போட்டபோது அம்மாவின் முழங்கை மடங்கவில்லை. அண்ணன் சட்டையின் முதுகைக் கத்தரித்தான், அப்போதும் இடது கை நுழையவில்லை. அவ்வளவு விறைப்பு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று நான் கல்லூரித் தேர்வில் எழுதியிருக்கிறேன். அம்மா திங்கட்கிழமை பகலிலேயே போய்விட்டாள்.

மாமா வெளியே வந்தார்.

"துணி போடும்போது சூடா இருந்தாளாடா?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"அப்ப நீ பக்கத்துல இல்ல."

"இல்ல மாமா."

"எங்கடா போன?"

"செங்கச் சூளைக்கு. செவ்வாக்கிழமை காலையிலதான் வந்தேன்."

"கஞ்சி ஊட்டுனவன் சூளையில இருந்தானாம்." மாமா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கையிலிருந்த வெள்ளைத்தாள் சுற்றிய துக்கக் கோலைப் பிடுங்கி, முட்டியில் வைத்து முறித்தார். பெண்ணின் அப்பா எழுந்து, தலைத் துணியை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தார்.

"மாமன்காரரே, மணி பத்தரை," என்றார் கோவ் பெரியவர் மெதுவாக.

"ஆகட்டும். தனியா செத்தா, தனியாக் கெடந்தா. இன்னும் கெடக்கட்டும். ஆணி கிடையாது."

அண்ணன் நெற்றியை மண்ணில் வைத்தான். நான் வாயைத் திறப்பேன் என்று தெரிந்தோ என்னவோ, என் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

கல்லூரியில் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குச் சத்தம் வராது. முற்றத்தில் எண்பது பேர் இருந்தார்கள்.

"மாமா."

"நீ பேசாத. நீ பொண்ணு, ஒன்ன கேக்கல."

"அது அண்ணன் வாரம் இல்ல மாமா."

மாமா திரும்பினார். பெண்ணின் அப்பா மடிப்பதை நிறுத்தினார்.

"அம்மாவப் பாத்துக்கிறதுல ஞாயித்துக்கிழமையிலேர்ந்து என் வாரம். மதிய பஸ்ல வந்துடுறேன்னு சொன்னேன். அத நம்பித்தான் அண்ணன் வேலைக்குப் போச்சு. மழை பெஞ்சுது, நாளைக்குப் போலாம்னு இருந்துட்டேன். மறுநாள் மழை இல்ல. அப்பவும் நான் வரல."