எதையும் விடாமல் வாசிக்கிற குரல்

1

இந்தக் கதையை ஒரு புகாரிலிருந்துதான் தொடங்க முடிகிறது. சிலிபினில் என் அடுத்த வீட்டுக்காரர் மகேந்திரன் அண்ணன் இதன் முதல் வரைவைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னா தங்கச்சி, இத்தன அடைப்புக்குறி? மெஷின் ஒன்னொன்னா படிச்சு உயிர எடுக்குது லா."

அவருக்குக் கண் தெரியாது. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இனிப்பு நீர் வியாதி பார்வையைக் கொண்டுபோய்விட்டது. நான் எழுதுவதை அவருடைய கணினிதான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறது. (இந்த ஒன்று மட்டும் இருக்கட்டும், அண்ணே.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'இருளில் மூழ்கிய ஒரு மனிதனின் வாழ்வில் ஒளியேற்ற வந்தது ஒரு பழைய…'

அடித்துவிட்டேன். அவர் மூழ்கியிருந்தது சலிப்பில். காலையில் பசியாறியதும் மனைவி கலாதேவி அக்கா பேப்பர் வாசித்துக் காட்டுவார். பிறகு கையுறைத் தொழிற்சாலை வேன் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போய்விடும். மீதிப் பகல் முழுக்க அண்ணனுக்கு மின்விசிறிச் சத்தம்தான் துணை.

3

ஹாபிஸ் வரவேண்டிய இடம் இது. புந்தோங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறவர். கடையில் கூட்டம் குறைந்தால், மற்றவர்கள் தூக்கிப்போட்ட கணினிகளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். என் பழைய மடிக்கணினியை அவரிடம் கொண்டுபோனேன்.

"ஸ்க்ரீன் ரோசாக் ஆயிருச்சு ஹாபிஸ், ஒன்னும் தெரியல. மாத்துறதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

"யாருக்குக்கா?"

சொன்னேன். ஹாபிஸ் சிரித்தார். "அப்ப ஸ்க்ரீன் எதுக்கு?"

தன் கடைக் கணினித் திரையை அதில் தற்காலிகமாகச் செருகி உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தார். யாரும் இலவசமாக எடுத்து, தமக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸை ஏற்றினார். படமில்லை, சன்னல்களில்லை, வெறும் எழுத்தும், அதை வாசிக்க ஒரு குரலும்.

"படம் காட்டுற வேலையே இல்ல. இப்ப இந்தக் கிழடு நல்லா ஓடும்க்கா."

ஓடியது. அந்தத் தமிழ்க் குரலை முதன்முதலாகக் கேட்டதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு இவன், மூக்கடைச்ச மாதிரி பேசுறான்?" விசைப்பலகையிலுள்ள இரண்டு சிறு மேடுகளைத் தடவித் தடவி, எழுத்துகள் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டார். செய்தி, பந்து விளையாட்டு, என் கதைகள் என்று கேட்க ஆரம்பித்தார்.

4

இங்கேயே நிறுத்தியிருந்தால் ஹாபிஸுக்கு நல்ல விளம்பரமாகியிருக்கும். ஆனால்

ஒரு மத்தியானம் அந்தக் குரல் செய்திகளை முடித்துவிட்டு மரண அறிவிப்புகளுக்குள் போனது. பீடோர் ராஜுவின் பதினாறாம் நாள் காரியம், வரும் ஞாயிறு. ராஜுவும் அண்ணனும் பல வருஷம் ஒரே லோரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள்.

சாயங்காலம் அக்கா வந்ததும் அண்ணன் கேட்டார்.

"ராஜு செத்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பேப்பர்ல வந்துச்சா?"

"வந்துச்சு. படிக்காம விட்டுட்டேன். நீங்க அப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருந்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இன்னும் என்னா என்னா விட்ட?"

அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

அடிக்குறிப்பு: எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அதுவாகக் கேட்டது.

5

அண்ணன் குமுறி அழுது கணினியைத் தூக்கி எறிந்ததாக எழுதியிருந்தேன். அதைக் கேட்டதும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எப்ப எறிஞ்சேன்? நல்ல மெஷின் லா அது. அழுதது நெசம்தான். அதக் கொஞ்சமா எழுது."

கொஞ்சமாக: அழுதார். வீட்டில் பேச்சு நின்றது. சோறு வைத்தால் சாப்பிட்டார். பேப்பர் பிரிக்கப்படவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவராகவே வாயைத் திறந்தார்.

"நாளைக்குப் பீடோருக்குப் போலாமா?"

"வாரேன்," என்றார் அக்கா. எதற்கு என்று கேட்கவில்லை.

பஸ் பிடித்துப் போனார்கள். ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது, ராஜுவின் வீட்டு வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். ராஜுவின் மனைவி முத்தம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு இப்படி இருக்கே, வர்றது சுசா, கஷ்டம்னுதான் நாங்களும் போன் பண்ணல அண்ணே."

"கண்ணுதானே போச்சு, காலு இருக்கு," என்றார் அண்ணன். பிறகு ராஜு ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் வேறு யாருடைய லோரியிலோ ஏறி உட்கார்ந்து, சாவி சேரவில்லை என்று அந்த ஓட்டுநரையே திட்டிய கதையைச் சொன்னார். முத்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காரிய வீடே சிரித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் சொன்னார்: "நாளைக்கு நீயே படி. மெஷினுக்கு யாரு செத்தாலும் ஒரே குரலு."

6

இப்போது காலையில் அக்காதான் வாசிக்கிறார். சில இடங்களில் கொஞ்சம் நிறுத்துகிறார். அது மூச்சு வாங்கவா, எதையோ தாண்டவா என்று சுவர் வழியாக எனக்குத் தெரிவதில்லை.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அக்கா வேலைக்குப் போனதும் அண்ணன் அதே செய்திகளைக் கணினியில் தேடி, விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, அதைப் பற்றி அக்காவிடம் மூச்சுவிடாமல் இருந்துவிடுகிறார். மற்றொன்றில் தேடுவதேயில்லை. இரண்டையும் அவருக்கு அனுப்பினேன்.

"ரெண்டும் நல்லா இருக்கு தங்கச்சி."

"எது நெசம் அண்ணே?"

"என் பொண்டாட்டியும் உன் கதையக் கேப்பா லா," என்றார்.

ஆகவே நான் இங்கே கையை எடுத்துக்கொள்கிறேன். தொழிற்சாலை வேன் போய்விட்டது. அண்ணன் கணினியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்போடு, முதல் சொல்லைத் தட்டத் தொடங்குகிறார். அது என்ன சொல் என்பதை, உங்கள் வீட்டில் உங்களுக்காக யார் எதை வாசிக்காமல் விடுகிறார்களோ அவரை நினைத்துக்கொண்டு, நீங்களே எழுதுங்கள்: