பத்துப் பேர் வந்தால்தான் படம்

பஸ் டிரைவரின் வலது கால் அந்தரத்தில் நின்றது. "தூக்குங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க" என்று சொன்ன பிசியோதெரபிஸ்ட், எண்ணிக்கையை விட்டுவிட்டுப் போனில் மூழ்கியிருந்தார்.

"மேடம்... கால இறக்கலாமா?"

"ஐயையோ! இறக்குங்க, இறக்குங்க. படம் வருது சார்! அந்த ஆல்பத்தப் பத்தியே ஒரு முழுப் படம்!"

மூட்டுவலிக்காரர்கள் அவருக்குச் சூட்டிய பெயர் முட்டி மேடம். கல்லூரி விடுதியில் அறைத்தோழி விட்டுப்போன கேசட்டில் பிடித்த பைத்தியம் அவருக்கு. நான்கு பேர் சேர்ந்த பழைய ஆங்கில ராக் குழு. உறையில் கடலுக்குள் நிற்கும் ஒற்றை நாற்காலி. ஆல்பம் வெளிவந்த கையோடு குழு உடைந்துவிட்டது. ஏன் என்று நால்வரில் ஒருவர்கூட வாய் திறந்ததில்லை. இப்போது தலை நரைத்தபின் நால்வரும் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

மேடம் உடனே ஒரு டிக்கெட் எடுத்தார். மறுநாளே தியேட்டர் மேனேஜர் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரே ஒரு ஷோ மேடம். இதுவரைக்கும் உங்க டிக்கெட் மட்டும்தான் போயிருக்கு. பத்துப் பேராவது வந்தாதான் ஓட்டுவோம். இல்லன்னா குழந்தைங்க கார்ட்டூன் போட்டுருவோம்."

"கார்ட்டூனா? இருங்க, ஆள் கொண்டு வர்றேன்!"

முதலில் கணவரைப் பிடித்தார். அவருக்கு அந்த ஆல்பம் என்றாலே மிக்சிக்குள் ஸ்பூன் விழுந்த சத்தம்.

"ஞாயித்துக்கிழமை எனக்குத் தூக்கம் இருக்கு."

"அங்க வந்து தூங்குங்க. ஏசி இருக்கு, சாய்ஞ்சுக்க சீட் இருக்கு."

அதில் நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டது.

அடுத்து கிளினிக். வெந்நீர் ஒத்தடத்தோடு படுத்திருந்தவர்கள் தப்பித்து ஓட முடியாதவர்கள்.

"எனக்கு அந்தப் பாஷையே அரைகுறை" என்றார் தையல்கடை அக்கா. "அதோட ரெண்டு மணி நேரம் உக்காந்தா முட்டி பூட்டிக்குமே?"

"கடைசி வரிசைல உக்காருவோம். நான் சொல்றப்ப எழுந்து கால மடக்கி நீட்டுங்க. பயிற்சியும் ஆச்சு, படமும் ஆச்சு."

"மேடம் நம்மள நடக்க வச்சிருக்காங்க. நாம அவங்கள ஒரு படம் பாக்க வைக்க மாட்டோமா?" என்று டிரைவர் கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஞாயிறு காலை தியேட்டர் வாசலில் கைத்தடிகளும் முழங்கால் பட்டைகளுமாக ஒரு கூட்டம். மேடத்தையும் சேர்த்து ஒன்பது பேர். தையல்கடை அக்காவைக் காணோம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினார், பின்னாலேயே இன்னொரு பெண்மணி.

"தனியா வந்தா போரடிக்கும்னு ஓரகத்தியையும் இழுத்துட்டு வந்தேன்!"

மேடம் ஓரகத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவரைப் பார்த்ததே இல்லை.

விளக்கு அணைந்தது. மூச்சுக்கூட விடாமல் பார்க்க வேண்டும் என்று மேடத்துக்கு ஆசை. திரையில் கிடார்காரர் சொன்னார்: "நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து, என் வாசிப்பை அழித்து அதன்மேல் தன் பாட்டைப் பதிந்துவிட்டான்." பாடகரோ, "டேப்பில் வேறு இடம் இல்லை, நான் என்ன செய்ய?" என்றார்.

"இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று அக்கா உரக்கக் கேட்டார்.

"இல்லக்கா, சிநேகிதங்க."

"அப்புறம் ஏன் பங்காளிங்க மாதிரி அடிச்சுக்கறாங்க?"

"அந்த டிரம்ஸ்காரரைப் பாருங்க" என்றார் டிரைவர். "ரெண்டு பக்கமும் இடி வாங்குற மத்தளம்."

"உஷ்!" என்று மேடம் திரும்பினால், கணவர் சீட் நுனிக்கு வந்திருந்தார். "நீ சும்மா இரு. கிடார்காரன் சொல்றதுதான் நியாயம்."

மேடம் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு திரையில், அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்த ஒலிப்பதிவாளர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். கிடார் போயிற்று, டிரம்ஸ் போயிற்று. வெறும் குரல் மட்டும் அரங்கத்தை நிறைத்தது. ஓரிடத்தில் அது உடைந்தது. பாடகரின் பாணி அது என்றே மேடம் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். "சண்டை போட்ட சூட்டில் அழுதுகொண்டே பாடினான். மறுபடி பாடச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை" என்றார் ஒலிப்பதிவாளர். மேடத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பயிற்சி சுத்தமாக மறந்துபோனது.

டிரம்ஸ் மட்டும் தனியாக முழங்கியபோது டிரைவரே எழுந்தார். தாளத்துக்குக் காலை மடக்கி நீட்டினார். அக்கா எழுந்தார், ஓரகத்தி எழுந்தார், கடைசியில் வரிசையே எழுந்து காலை வீசியது. ஓரகத்தி அடித்த விசிலில் மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் உள்ளேயே நின்றுவிட்டார்.

படம் முடிந்து வாசலுக்கு வந்தும் ஒருவரும் கலையவில்லை.

"பாடகன் பண்ணது துரோகம்" என்றார் கணவர்.

"அழுதுக்கிட்டே பாடினவன் மனசு கெட்டவனா இருக்க முடியாது" என்று அக்கா சண்டைக்கு நின்றார்.

"தப்பு ஒலிப்பதிவாளர் மேல. இன்னொரு டேப் வாங்கி வச்சிருக்கணும்" என்றார் மேனேஜர்.

"ஒரு நிமிஷம், அந்த மூணாவது பாட்டுல..." என்று மேடம் ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க மேடம்!" என்று டிரைவர் கையமர்த்திவிட்டு, கணவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ்காரரின் கஷ்டத்தை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். இத்தனை வருஷம் பேச ஆளில்லாமல் தவித்த முட்டி மேடம், ஒரு வார்த்தை நுழைக்க இடம் கிடைக்காமல், வாயெல்லாம் பல்லாக நடுவில் நின்றார்.