லீவ் என்றால் லீவு அல்ல

1

இது கதையாகவே தொடங்கவில்லை. ஒரு மாத இதழில் ஆங்கில வினைச்சொற்களைப் பற்றி எழுதிவந்தேன். அந்த மாதம் ‘லீவ்’ என்கிற சொல்லின் முறை. புறப்படு, விட்டு நீங்கு, மிச்சம் வை என்று பொருள்களை எழுதிவிட்டு எடுத்துக்காட்டுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த எல்லப்பன், டீக்கடையில் எனக்கு ஒரு ஜோக் சொன்னார். சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு கசந்துவிட்டது. கட்டுரையும் அன்றோடு நாசமாயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘1991ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில்...’

வேண்டாம். அந்த ஆண்டையும் அந்த ஊரையும் சேர்த்து எழுதினால் உங்கள் மனம் வேறெங்கோ போய்விடும். நாடே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்திக்கு வேலை போனதை யார் கவனித்தார்கள்?

இரண்டாம் தொடக்கம்: ‘வயல்களுக்கு நடுவே அந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கி...’

அங்கே புகைபோக்கியே கிடையாது. டிவிக்கு சுவிட்ச் செய்கிற இடம். (இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும்.)

மூன்றாவது: செல்வமேரி லீவு கேட்கப் போனாள்.

இதுவே இருக்கட்டும்.

3

செல்வமேரி சேரப்பணஞ்சேரிக்காரி. அசெம்பிளி லைனில் டெம்பரவரி. புருஷன் இல்லை, எப்படி இல்லை என்று எல்லப்பனுக்குத் தெரியவில்லை, நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. ஒரே மகள் ஜெர்சிக்கு அம்மை போட்டிருந்தது.*

புது மேனேஜர் வடக்கிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. பேசுவதை மொழிபெயர்க்க எல்லப்பனைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

“சார், கொழந்திக்கு அம்மை போட்டுக்கீது சார். தண்ணி ஊத்தற வரைக்கும் லீவு வேணும் சார்.”

எல்லப்பன் சொன்னதை மேனேஜர் கேட்டார். அந்த மாதம் அவள் ஏற்கெனவே லீவு எடுத்திருந்தாள். வேறொரு பெண்ணை வைத்துக்கொள்வதாக எல்லப்பனிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “யூ கேன் லீவ்.”

நீ போகலாம். வேலையை விட்டே போகலாம்.

அவள் காதில் விழுந்தது கடைசிச் சொல் ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு ஒரே பொருள்தான். முகமெல்லாம் மலரக் கைகூப்பினாள்.

“தேங்ஸ் சார்! ரொம்ப தேங்ஸ் சார்!”

ஜோக் இங்கே முடிகிறது. கேன்டீனில் இதைப் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்களாம்.

* வேப்பிலை கட்டுவதில், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டைவிட்டு நகராமல் இருப்பதில், அந்தப் பக்கத்து மாதா கோயில் வீடுகளும் மாரியம்மன் கோயில் வீடுகளும் ஒன்றுதான்.

4

மேனேஜரைக் கொடியவனாக எழுதிப் பார்த்தேன். மேசையைத் தட்ட வைத்தேன், கத்த வைத்தேன். ஒட்டவில்லை. அவர் கத்தவே இல்லையாம். அவருடைய வாக்கியத்திலும் குறையில்லை. கட்டுரைக்காரனாக நான் அதற்கு முழு மதிப்பெண் போடவேண்டும். சரியான வினை, சரியான இடம்.

பிறகு எல்லப்பனைப் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்குத்தான் அர்த்தம் தெரியுமே, நீங்க சொல்லியிருக்கலாமே?”

“இன்னா சார் சொல்றது? சொல்லியிருந்தா அன்னிக்கே அழுதுக்கினு போயிருக்கும். புள்ளய நிம்மதியா பாத்துக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

இதை நம்பி ஒரு பத்தி எழுதினேன். அதில் அவர் நல்லவர். நம்பாமல் இன்னொன்று எழுதினேன், அதில் கோழை. இரண்டிலும் அவளுக்கு வேலை இல்லை. அதனால் இரண்டையும் கிழித்துப்போட்டேன்.

5

தண்ணீர் ஊற்றிய மறுநாள் செல்வமேரி வேலைக்கு வந்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

“உன் பேர எடுத்துட்டாங்கமா.”

“லீவு குடுத்தாருண்ணே. சாரே குடுத்தாரு. எல்லப்பண்ணன் கூட இருந்தாரு, கேட்டுப் பாரு.”

எல்லப்பன் வந்தார். லைனில் அவள் இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளை, கேட் கம்பிக்கு உள்பக்கம் நின்று அவளுக்குச் சொன்னார். சொல்லித்தானே ஆகவேண்டும்?

6

முடிவுகள்.

(அ) சக பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வருகிறார்கள். எல்லாருமே டெம்பரவரி. யாரும் வரமாட்டார்கள்.

(ஆ) மேனேஜர் தவறை உணர்ந்து... அவர் தவறாக எதுவும் பேசவில்லை என்று நானே மேலே எழுதிவிட்டேன்.

(இ) இன்றைக்குத் தொழிற்பேட்டையாகிவிட்ட வல்லம் பக்கம் வேறொரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. 1991இல் அங்கே நெல்தான் விளைந்தது. பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“அண்ணே, நான் தேங்ஸ் சொல்லாம, கால்ல வுழுந்து கெஞ்சியிருந்தா வெச்சிருப்பாராண்ணே?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று எல்லப்பனைக் கேட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவர், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நானும் எத்தனையோ பதில் எழுதிப் பார்த்துவிட்டேன். இல்லை என்றால் அவளுக்கு நம்பிக்கை போகிறது. ஆமாம் என்றால் குற்றம் அவள் தலையில் விழுகிறது. என்னால் ஆகவில்லை. அவள் இன்னும் கேட்டில்தான் நிற்கிறாள். நீங்கள் ஏதாவது சொல்லி அனுப்புங்கள். தயவுசெய்து, தமிழில்.