கருப்பிக்கு இடம் பார்த்தது

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியும் என்று காரைக்குடியில் பாதிப் பேர் கேலி பேசுவார்கள். மீதிப் பேர், தெரிய வேண்டியது இருந்தால் என்னிடம் வந்து கேட்பார்கள். பெண் கொடுக்க இடம் பார்க்கிறவர்கள் முதலில் ஏறுவது என் வீட்டுப் படிதான். மாப்பிள்ளை சீட்டாடுவானா, மாமியார் வாய் எப்படி, மூத்த மருமகள் ஏன் மூன்று மாதமாகத் தாய்வீட்டில் இருக்கிறாள், எல்லாம் விசாரித்துச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் அறுபத்தேழாம் வருஷம் ஒரு நாய்க்கு இடம் பார்க்கச் சொல்லி வந்து நின்றாள் எதிர்வீட்டு உமையாள்.

அவள் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு கடையில் ஆறு வருஷமாக இருந்தார். ஒருவழியாகப் பெண்டாட்டி நினைப்பு வந்து டிக்கெட் அனுப்பியிருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல். இன்னும் இருபத்தைந்து நாள். தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கும் ஒரு வேலை மிச்சம். ஆறு வருஷமாகத் தபால்காரர் கொண்டுவரும் உறையின் கனத்தை வைத்துத்தான் புருஷன் பெண்டாட்டி சமாதானமா சண்டையா என்று கணித்துக்கொண்டிருந்தேன்.

"நான் கப்பல் ஏறிருவேன் ஆச்சி. கருப்பி எங்கே போகும்?" என்றாள் உமையாள்.

"தெருவுல எத்தனை நாய் திரியுது. அதுகளோட ஒண்ணா இருந்துட்டுப் போகுது."

"முனிசிபாலிட்டி வண்டி வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிரும். கழுத்துல லைசென்ஸ் வில்லை இருந்தாலும், இது என்னுதுன்னு சொல்ல ஓர் ஆள் வேணும்ல? இதை ஒரு நல்ல கையில ஒப்படைக்காம நான் ஏற மாட்டேன் ஆச்சி. ஏறினாலும் அங்கே எனக்குச் சோறு இறங்காது."

ஆறு வருஷம் காத்திருந்த புருஷனை ஒரு நாய்க்காக இன்னும் காக்க வைப்பாளாம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நானே நாலு வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அந்த நாயும் லேசுப்பட்டதல்ல. பெயர்தான் கருப்பி, நிறம் வறுத்த வேர்க்கடலை. குட்டியாக வந்த நாளில் உமையாள் கடிதம் எழுத, பார்க்காமலேயே அவர் அங்கிருந்து பெயர் வைத்து அனுப்பினார். புருஷன் சொன்ன பெயரை மாற்றக் கூடாது என்று இவள் கருப்பியாகவே வைத்துக்கொண்டாள்.

ஆனால் எனக்கும் அந்த நாய்க்கும் ஒரு பாக்கி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் அது என் வாசலில் வந்து நின்று குரைத்தது. விரட்டக் கம்பை எடுத்தேன். ஓடவில்லை. நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது, மறுபடி குரைத்தது. அதன் பின்னால் போனால், கிணற்றடியில் உமையாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறாள். டைபாய்டு. ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். "நான் மட்டும் எட்டிப் பார்க்காமப் போயிருந்தா" என்று அன்றைக்குத் தெரு முழுக்கச் சொன்னேன். நாயைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சொல்லவில்லை.

ஆகவே வேலையில் இறங்கினேன். கண்டரமாணிக்கத்தில் தேனப்பன் என்று ஒருவர். வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. தேக்குத் தூண்களை எண்ணவே ஒரு பொழுது ஆகும். விசாரித்தேன். குடியில்லை, சீட்டில்லை, அம்மா பரம சாது, பெண்டாட்டி கை தாராளம். சம்பந்தம் பேசும்போது கேட்கிற மாதிரி எந்தக் கோவில் வகையறா என்றுகூடக் கேட்டுவிட்டேன். நாய்க்கு எதற்குக் கோவில் என்று நீங்கள் கேட்கலாம். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிடுகிறது.

"இந்த மாதிரி இடம் மனுஷப் பிறவிக்கே கிடைக்காது உமையா" என்றேன். பாவம், நம்பினாள். அலுமினியத் தட்டு, படுக்கச் சாக்கு, குளிருக்கு ஒரு பழைய கம்பளம் என்று சீர் மாதிரி கட்டிக் கொடுத்துத் தேனப்பன் அனுப்பிய வண்டியில் ஏற்றினாள். தேனப்பன் வீட்டிலிருந்து ஒரு கேள்வி வரவில்லை. கேள்வி கேட்காத சம்பந்தம் எவ்வளவு நல்ல சம்பந்தம் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அதே ஊரில் ஓர் அறுபதாம் கல்யாணம். பட்டுப்புடவையோடு அப்படியே தேனப்பன் வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். வளவு முற்றத்தின் நாலாவது தூணில் கருப்பி கட்டிக் கிடந்தது. கயிறு இரண்டு முழம். தட்டில் சோறு இருந்தது, தண்ணீர் இருந்தது, ஆனால் நாய் எழுந்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் வாலை மட்டும் தரையில் ஒரு தடவை அடித்தது.

"ஏன் தேனப்பா, இப்படிக் கட்டிப் போட்டிருக்கே?"

"அவுத்துவிட்டா அந்த எல்லைக் கல்லைத் தாண்டுது ஆச்சி. அங்குட்டு சின்ன அப்பச்சி பங்கு. அவுக ஆள் விட்டுச் சண்டைக்கு வாராக. இங்குட்டுப் போனா கோர்ட்டுல இருக்கிற பங்கு, யாரும் கால் வைக்கக் கூடாது. பின்கட்டு பெரிய அண்ணன் பூட்டிட்டு மெட்ராஸ் போயிட்டாக. இந்த வீட்டுல ஏழு பங்கு. என் பங்குல எனக்கே நடக்க இடமில்லை."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மாமியார் வாயை விசாரித்தேன், மருமகள் கையை விசாரித்தேன், குலம் கோவில் எல்லாம் விசாரித்தேன். வீடு எத்தனை பங்கு என்று கேட்கவில்லை. இந்தச் சீமையில் பிறந்து வளர்ந்தவள், வாசலின் அகலத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். கயிற்றின் நீளம்தான் தேனப்பனின் பங்கு.

தேனப்பன் மேல் குற்றமில்லை. முகம் சுருங்கி, தானே கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். வாடகைக்கு ஒரு மாட்டுவண்டி பிடித்தேன். அதுவரை எந்த நாயையும் தொட்டதில்லை நான். வழியெல்லாம் அது என் பட்டுப்புடவை மேல் தலையை வைத்துக்கொண்டு வந்தது. தள்ளிவிடத் தோன்றவில்லை.

உமையாள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. நாயின் கழுத்தில் கயிறு உரசிய இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "இன்னும் ஒன்பது நாள் இருக்கு ஆச்சி" என்றாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவளுடைய சாமான் பெட்டிக்குப் பலகை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டு மரக்கடை மீரான் சாகிபு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பலகையை இறக்கிவிட்டுக் கருப்பியைப் பார்த்தார்.

"இது ஏன் வாலை மடக்கிக்கிட்டு நிக்குது?"

நான் சும்மா இருப்பேனா? கண்டரமாணிக்கத்துக் கதையை முழுக்க அவிழ்த்தேன், என் பங்கைக் கொஞ்சம் குறைத்து. கேட்டுவிட்டு அவர் உமையாள் பக்கம் திரும்பினார். ஊரார் வாயில் எங்கள் பெண்கள் எல்லாருமே ஆச்சிதான், வயதில் சின்னவளும்கூட. அதற்குப் பிறகு கேள்விதான்.

"எதைக் கண்டா மிரளும் ஆச்சி?"

"இடிக்கும் வெடிக்கும் மிரளும்."

"பிள்ளைககிட்ட எப்படி? யாரையும் கடிச்சிருக்கா? மாட்டாஸ்பத்திரியில ஊசி போட்டீகளா? என்ன போட்டா திங்கும்?"

"கடிச்சதே இல்லை. போன மாசம்தான் ஊசி போட்டேன். மோர்ச்சோறுதான் பிடிக்கும்."

"மரக்கடை நாய் மோர்ச்சோறு திங்கும்னா திருடன் சிரிப்பானே" என்றார். உமையாள் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்க பழைய நாய் தை மாசம் வயசாகிச் செத்துப்போச்சு. இதை நான் வச்சுக்கிறேன், நீங்க சம்மதிச்சா."

எனக்குப் பொறுக்கவில்லை. "சாயபு, உங்க வீடுகள்ல நாய் ஆகாதே?"

"வீட்டுக்குள்ள விட மாட்டோம் ஆச்சி. நக்கினா கழுவ ஒரு முறை இருக்கு. காவலுக்கு வளக்கலாம். வளத்தா வயித்தைக் காயப் போடக் கூடாது, அதுவும் முறைதான். இது கடையிலதான் இருக்கும், காவக்காரர் குருநாதன்கூட. மடியில வச்சுக் கொஞ்சுவோம்னு நெனச்சு அனுப்பிறாதீக. மூணு நாள் காலையில நீங்களே வந்து அங்கே உக்காருங்க. அதுக்குப் பிடிச்சா இருக்கட்டும், பிடிக்கலேன்னா கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ இடம் விசாரித்திருக்கிறேன். என்ன கிடைக்காது என்பதை முதலிலேயே சொன்ன வீடு இது ஒன்றுதான்.

மூன்று நாளும் உமையாளோடு நானும் போனேன். நாய்க்காகத்தான். அடுக்கிய மரத்துக்கு நடுவே நீள நிழல், சுற்றிலும் மதில், வாசலில் கம்பிக் கேட்டு. எந்தக் கல்லும் யார் பங்கும் இல்லை. சாகிபுவின் மனைவி ஜரீனா அடுத்த வாசலிலிருந்து ஒரு மண்சட்டியில் சோறு கொடுத்தனுப்பினாள். எட்டிப் பார்த்தேன். மோர்ச்சோறு! மூன்றாம் நாள் உமையாள் சொல்லாமல் எழுந்து கேட்டுக்கு வெளியே போனாள். கருப்பி கேட்டுவரை ஓடியது, கம்பி வழியே வெகுநேரம் பார்த்தது. பிறகு திரும்பிவந்து குருநாதன் முக்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. உமையாள் குதிரைவண்டியில் வீடுவரை அழுதாள். அது வேறு அழுகை, எனக்கு வித்தியாசம் தெரியும்.

அன்று சாயங்காலமே மீரான் சாகிபு முனிசிபாலிட்டிக்குப் போய் நாய் வில்லையைத் தன் பெயருக்கு மாற்றி, சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். உமையாள் இரண்டு கையாலும் கும்பிட்டாள். "கும்புடாதீக ஆச்சி. காவலுக்கு ஆள் கிடைச்சதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்" என்று அவர் வேகமாகச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

கப்பல் போனது. நான் வாரம் ஒரு தடவை மரக்கடைக்குப் போய்ப் பார்த்துவந்தேன். "சம்பந்தி வந்துட்டாக, டீ போடணும்" என்பாள் ஜரீனா. கேலிதான். நான் செய்த கேலிகளுக்கு இது கொஞ்சம். தீபாவளியன்று என்ன பாடோ என்று பதறிப் போனால், சாகிபு பலகைகளைச் சேர்த்து ஒரு பொந்து மாதிரி கட்டி, உள்ளே கம்பளம் விரித்து நாயைப் படுக்க வைத்திருந்தார். குருநாதன் வாசலில் உட்கார்ந்து அதனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். "இடிக்கும் வெடிக்கும் மிரளும்னு சொன்னாகல்ல" என்றார் சாகிபு, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

அதையெல்லாம் உமையாளுக்கு எழுதினேன். எழுதிக்கொண்டு வரும்போது கை நிற்கவில்லை. அந்தக் கிணற்றடி விஷயத்தையும் எழுதிவிட்டேன். அன்றைக்கு நானாக எட்டிப் பார்க்கவில்லை, கருப்பி வந்து கூப்பிட்டது, நான் கம்பைக்கூட எடுத்தேன் என்று.

தை பிறந்து பதில் வந்தது. உறை கனமாக இருந்தது. மீரான் சாகிபுவுக்கு இரண்டு பக்கம், ஜரீனாவுக்கு ஒரு பக்கம், குருநாதனுக்குப் படித்துக் காட்டச் சொல்லி ஒரு பக்கம். எனக்கு அரைப் பக்கம்தான்.

"ஆச்சி, கருப்பி உங்களைக் கூப்பிட்டது எனக்கு அன்னைக்கே தெரியும். நினைவு தப்புறதுக்கு முன்னாடி, அது குரைச்சுக்கிட்டு வெளியே ஓடினதைக் கிணத்தடியில கிடந்தபடி கேட்டேன். தெருவுல பன்னிரண்டு வீடு இருக்கு. அது நேரா உங்க வாசலுக்குத்தான் வந்திருக்கு. என்னன்னு பார்க்காம இருக்க மாட்டாகன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த அரைப் பக்கத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. மரக்கடைக்குப் போய்க் கருப்பிக்கு மட்டும் படித்தேன். அது சட்டியில் மோர்ச்சோற்றை நக்கிக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கவில்லை.