முப்பத்தைந்து நிமிஷம்

ஆப்பியா விமான நிலையத்துத் தராசில் ஃபுவாத்தினோ மூன்றாவது முறையாக ஏறி நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு ஏறிப் பார்த்தாயிற்று, செருப்பைக் கழற்றிவிட்டும் பார்த்தாயிற்று. அக்காவுக்கான பாயை மட்டும் மார்போடு அணைத்திருந்தாள். முள் நூற்றிருபது கிலோவை விட்டு இறங்க மனமில்லாமல் நின்றது.

"சின்ன விமானம், எதிர்க்காத்து வேற அதிகம்மா. எண்ணெய் கூடப் போட்டிருக்கோம். ஒரு ஆளை இறக்கியே ஆகணும்" என்றான் தராசடியில் நின்ற ஃபெரெத்தி. யாரை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மற்ற எட்டுப் பேரும் தங்கள் பெட்டிகளை ஓரமாக வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் முப்பது கிலோ கூடுதலாகவே இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவில் பாகோ பாகோ. நூற்று முப்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். காற்று சரியில்லையென்று மூன்று நாளாக விமானம் எழும்பவில்லை. அக்கா லெவுத்தாவை இன்று பன்னிரண்டு மணிக்கு அங்கே அடக்கம் செய்கிறார்கள். ஹொனலூலுவிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த அக்கா மகன் எத்துவாலே காலையிலேயே போனில் கேட்டுவிட்டான்: "நான் வந்து குளிச்சு சாப்பிட்டும் ஆச்சு. பக்கத்துல இருக்கற உங்களுக்கு என்ன சித்தி?"

நடுக்கடலில் தேதி மாறுகிறது. இங்கே சனி, அங்கே இன்னும் வெள்ளி. ஆனால் கடிகாரம் இரண்டு பக்கமும் ஒரே மணிதான் காட்டும். இப்போது பத்தேகால்.

"முழுசா ஒரு நாளைத் திருப்பிக் குடுக்கறீங்க, அரை மணி நேரம் குடுக்க மாட்டேங்கறீங்களே!" என்று கத்தினாள். ஃபெரெத்தி தலையைக் குனிந்துகொண்டான். அவன் என்ன செய்வான், பாவம். அது தெரிந்ததால் அவள் ஆத்திரம் இன்னும் கூடியது. தன் உடம்பின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. அடுத்த விமானம் மூன்று மணிக்கு.

வரிசையில் இருந்த ஒல்லி டீச்சர் இலீசா மெல்ல அருகில் வந்தாள். "பாயை நான் கொண்டுபோறேம்மா. என் மடியில வச்சுக்கறேன்."

இரண்டு வருஷம் முடைந்த பாய். சாவு வீட்டில் தங்கை ஒரு மூலையைப் பிடித்து விரிக்க வேண்டிய பாய். ஃபுவாத்தினோ அதை நீட்டினாள். இலீசா வாங்கிய பிறகும் ஒரு கணம் விடவில்லை.

விமானம் எழும்பியது. அவள் வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெட்டிகளோடு பெட்டியாகத் தன்னையும் ஓரங்கட்டிவிட்டதாகத் தோன்றி அழுகை வந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எத்துவாலே கூப்பிட்டான். குரலில் காலையிலிருந்த குத்தல் இல்லை.

"பாய் வந்துருச்சு சித்தி. விரிச்சாச்சு."

"என் மூலையை யாருடா பிடிச்சிருக்கா?"

"பிடிக்கறேன்னு பெரியம்மா வந்தாங்க, மாமா பொண்ணு வந்தா. நான்தான் யாரையும் தொட விடலை. உங்க மூலையை ஒரு நாற்காலியில கட்டி வச்சிருக்கேன்."

போனில் அங்கே பாட்டு தொடங்குவது கேட்டது. ஃபுவாத்தினோ போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை இறுக மூடினாள். எதிரே, மூன்று மணி விமானத்துக்காக யாரோ தராசில் ஏறி நின்றார்கள்.